கொட்டில் ஆட்டுக்கு எந்தத் தண்ணீர்ப் பாத்திரம்?

இரத்தினபுரியில் ஓர் ஆண்டில் 3500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கின்றது. கேகாலையின் றப்பர் தோட்டங்களிலும் குறைவில்லை. கூரையால் வடிகிறது, கானில் ஓடுகிறது, பீலியில் இரவு பகலாகக் கொட்டுகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஆடு தாகத்தால் மெலிகிறது என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால், கொட்டிலில் அடைக்கப்பட்ட ஆடு கானுக்கும் போக முடியாது, பீலிக்கும் போக முடியாது. நாம் கொண்டு போய் வைக்கும் தண்ணீர் மட்டுமே அதற்குத் தண்ணீர். அந்தப் பாத்திரம் காலியாகக் கிடந்தாலும், அதற்குள் புழுக்கை விழுந்து கிடந்தாலும், வெளியே கொட்டும் மழை அதற்கு ஒன்றுதான்.

நம்மில் பலர் முன்பு ஆடு வளர்த்த முறை வேறு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் செம்மறியைக் காலையில் திறந்துவிட்டால் அது மேய்ந்து, குளத்திலோ கேணியிலோ குடித்து, மாலையில் தானே பட்டிக்கு வரும். தண்ணீர்ப் பாத்திரம் என்ற பேச்சே அங்கு பெரிதாக எழவில்லை. மலைச்சரிவில் சொந்தக் காணி வைத்திருந்தவர்களும் கயிற்றில் கட்டி மேய்த்தார்கள். இன்று மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் வேறு காரணங்களாலும் இடம்பெயர்ந்து, லயத்துப் பக்கத்திலோ புதிய வீட்டுத்திட்டத்திலோ சில பேர்ச்சஸ் நிலத்தோடு இருக்கிறோம். தேயிலை மலையில் ஆட்டை விட நிர்வாகம் சம்மதிக்காது. இளம் றப்பர் கன்றுகளுக்குள்ளும் விட முடியாது. விட்டாலும் ஈர நிலத்தில் குடற்புழுவும் குளம்பு அழுகலும் செம்மறியை விடாது. ஆகவே கால் உயர்த்திய பலகைக் கொட்டிலும், வெட்டிப் போடும் புல்லும்தான் வழி. இந்தப் பக்கத்தில் வெள்ளாடே அதிகம், செம்மறி குறைவு. இங்கே சொல்வது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் அதைக் குறிப்பிடுவோம்.

கடைகளில் இன்று பலவகைத் தண்ணீர்க் கிண்ணங்கள் கிடைக்கின்றன. தானே நிரம்புவது, நாக்கை அழுத்தினால் வருவது, காம்பைச் சப்பினால் வருவது என்று. உதவி நிறுவனங்களும் சில வேளை ஆட்டுடன் சேர்த்து இவற்றைக் கொடுக்கின்றன. நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: பாத்திரத்தைக் கடையைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது, எதைக் கலந்துகொண்டு வருகிறது என்பவற்றை முதலில் அறிய வேண்டும்.

ஓர் ஆடு எவ்வளவு குடிக்கும்?

நமது நாட்டுச் செம்மறி பெரும்பாலும் சிறிய உடல். 25 முதல் 30 கிலோ எடையுள்ள ஒன்று நாளுக்குச் சுமார் 2 முதல் 3 லீற்றர் குடிக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு 5, 6 லீற்றர் தேவைப்படும். வளரும் குட்டிக்கு ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர். வெயில் நாளில் இவை எல்லாம் கூடும்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும். மழைக்காலத்துக் கினிப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். 5 கிலோ பச்சைப்புல் தின்ற ஆடு தீனியோடு சேர்த்தே 4 லீற்றர் தண்ணீரை உள்ளே எடுத்துவிட்டது. அன்று அது வாளிப்பக்கம் திரும்பியும் பார்க்காமல் இருக்கலாம். இதைப் பார்த்துத்தான் பலர் "எங்க ஆடு தண்ணி குடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் புல் கிடைக்காமல் தவிடும் புண்ணாக்கும் கூட்டி வைக்கும்போதும், தை மாசி மாதங்களில் புல் முற்றிக் காயும்போதும் அதே ஆட்டுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். அப்பொழுது பாத்திரம் மூலையில் கவிழ்ந்து கிடக்கும்.

இதில் கிடாய்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அரிசித் தவிட்டில் பொசுபரசு அதிகம். தவிட்டை அதிகம் கொடுத்து, தண்ணீரைக் குறைத்தால் கிடாயின் சிறுநீர்ப் பையில் மணல் போலக் கற்கள் உண்டாகும். கிடாயின் சிறுநீர்க் குழாய் ஒடுங்கியது, வளைந்தது. அதில் கல் அடைத்துக்கொள்ளும். காயடித்த கிடாய்க்கு இது இன்னும் இலகுவில் வரும். வாலை ஆட்டிக்கொண்டு முக்குவதும், துளித்துளியாகச் சிறுநீர் போவதும், வயிற்றை உதைப்பதும் அடையாளம். அதைக் கண்டால் கசாயம் காய்ச்சிப் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே கால்நடை வைத்தியரிடம் போக வேண்டும். தீபாவளிக்கு விற்க என்று ஓராண்டு வளர்த்த கிடாய் இரண்டு நாளில் போய்விடும்.

தாய் ஆட்டில் இழப்பு வேறு வகையானது. பால் குறையும், குட்டி வளராது, ஆனால் எதனால் என்று தெரியாது. புழுக்கை சிறுத்து மிகக் கடினமாக இருப்பதும், கண் உள்வாங்கியிருப்பதும், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவதும் தண்ணீர் போதாததின் அறிகுறிகள்.

முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

பணம் செலவில்லாத மூன்று சோதனைகளைச் செய்யச் சொல்கிறோம்.

இரும்புச் சோதனை: ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரைப் பிடித்து இரவு முழுவதும் ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சளாகப் படிந்திருந்தால் உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. ஈரவலயத்துக் கிணறுகள் பலவற்றில் இது உண்டு. ஆட்டுக்கு இதனால் உடனடித் தீங்கு இல்லை. ஆனால் சிறிய துவாரமுள்ள எந்தக் குடிகாம்பும் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும்.

மழைச் சோதனை: பெருமழை பெய்த மறுநாள் குழாயைத் திறந்து பாருங்கள். மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுக்கும் தண்ணீர் அன்று சேறாக வரும், சருகும் மணலும் வரும். அப்படியானால் நேரடியாகக் கிண்ணத்துக்கு இணைக்க முடியாது. நடுவில் ஒரு பீப்பா வைத்துத் தெளிய விட வேண்டும். பீப்பாவிலிருந்து வெளியேறும் குழாயை அடியிலிருந்து நான்கு அங்குலம் மேலே வையுங்கள், சேறு அடியிலேயே நிற்கும்.

மூன்றாவது, போத்தல் சோதனை. ஒரு லீற்றர் போத்தலைக் குழாயில் பிடித்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். இதைக் காலை ஆறு மணிக்கு ஒரு தடவையும், பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் செய்ய வேண்டும். காலையில் லயத்தில் எல்லாக் குழாய்களும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வருவதே உங்களது உண்மையான தண்ணீர். ஒரு நிமிடத்துக்குள் போத்தல் நிரம்பாவிட்டால், அல்லது நாளில் இரண்டு மணித்தியாலம் மட்டுமே தண்ணீர் திறந்துவிடும் இடமாக இருந்தால், தானே நிரம்பும் கிண்ணத்தை நேராகக் குழாயில் மாட்டும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

சாதாரண வாளி

நாலைந்து ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு எமது முதல் தெரிவு வாளிதான். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வாளியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். ஆடு நேற்று எவ்வளவு குடித்தது என்பதும் தெரியும். தானே நிரம்பும் கிண்ணம் இதைச் சொல்லாது. நோய் வரும் ஆடு தீனியைக் குறைக்கும் முன்பே சில வேளை தண்ணீரைக் குறைக்கும். வாளி வைத்தவர் அதை ஒரு நாள் முன்னதாகக் கண்டுகொள்வார்.

வாளியின் உட்பக்கம் வெளிர் நிறமாக இருப்பது நல்லது, அழுக்குத் தெரியும். உட்புறத்தில் ஒவ்வொரு லீற்றருக்கும் ஓர் ஆணிக் கீறல் போட்டுவையுங்கள். கைபிடிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். குட்டியின் தலை கம்பிக்குள் மாட்டி, வாளியோடு ஓடி, கழுத்து நெரிந்து சாவது நடக்கக்கூடிய விஷயம்.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். கொட்டிலுக்குள் நடுவில் வைத்த வாளி அரை மணித்தியாலத்தில் கவிழும், அல்லது புழுக்கை விழும். செம்மறி மோந்து பார்த்துக் குடிக்கும் பிராணி. சிறுநீர் மணத்தாலும் பழைய தவிட்டுப் புளிப்பாலும் அது குடிக்காமல் நிற்கும், தாகம் தாங்க முடியாமல் போகும்வரை நிற்கும். ஆகவே வாளியைச் சட்டத்துக்கு வெளியே வையுங்கள். ஆடு இரண்டு கம்புகளுக்கு இடையே தலையை மட்டும் நீட்டிக் குடிக்கட்டும். வாளி இருக்கும் தட்டுக்கு ஒரு வளையம் வேண்டும். பழைய டயரை அறுத்தோ, நான்கு மரக்குற்றிகளை அடித்தோ செய்துகொள்ளலாம். வாளியின் விளிம்பு ஆடு நிற்கும் பலகையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே, அதாவது வளர்ந்த ஆட்டின் நெஞ்சு மட்டத்தில் வந்தால் போதும். கொம்புள்ள ஆடு என்றால் இடைவெளியைத் தலையின் அளவுக்கு அகலமாக விட்டு, மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் அமைப்பது வழக்கம். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வாளிக்குள் வைக்கப் பார்க்கும். அதற்குக் குறுக்கே ஒரு கம்பு அதிகம் வேண்டும். செம்மறி அவ்வளவு குறும்பு செய்யாது.

நான்கு ஆடு இருந்தால் வாளி இரண்டு வையுங்கள், அதையும் தள்ளித்தள்ளி. ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு ராணி இருப்பாள். அவள் குடித்து முடித்தாலும் வாளியை விட்டு நகரமாட்டாள், மற்றவற்றை முட்டித் துரத்துவாள். மெலிந்த ஆட்டுக்குத் தீனி போதவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் அதற்குத் தண்ணீரே கிடைத்திருக்காது.

குட்டிகளுக்கு வேறு பாத்திரம். பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் குட்டி பாலோடு தண்ணீரையும் நக்கிப் பார்க்கத் தொடங்கும். அரையடி உயரத்தில் ஓர் ஆழமில்லாத பேசின் போதும். அதற்குள் ஒரு கழுவிய கல்லை வைத்துவிடுங்கள். கவிழாது, தவறி விழும் குட்டிக்கும் கால் ஊன்ற இடம் இருக்கும்.

ஆடு எட்டு, பத்து என்று கூடினால் வாளி சுமப்பது ஒரு வேலையாகிவிடும். அந்த நிலையில் ஆறு அங்குல எஸ்லோன் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு முனையையும் அடைத்து, கொட்டிலின் வெளிச் சட்டத்தில் தாங்கிகளோடு மாட்டலாம். மூன்றடி நீளத் தொட்டி விளிம்புவரை சுமார் 8 லீற்றர் கொள்ளும். அறுத்த விளிம்பை அரம் அல்லது மண்கடதாசி போட்டு மழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உதடு கிழியும். ஒரு முனையைச் சற்றுச் சரித்து, அடியில் துளையிட்டு, ஓர் அடைப்பான் வையுங்கள். அடைப்பானை இழுத்தால் அழுக்குத் தண்ணீர் முழுவதும் போய்விட வேண்டும். மூங்கிலைப் பிளந்தும் இதையே செய்யலாம், காசு இல்லை. ஆனால் உள்ளே பாசி பிடித்து வழுக்கும், சில மாதங்களில் வெடிக்கும். மாற்றிக்கொண்டேயிருக்க ஆயத்தமென்றால் மூங்கிலும் நல்லதுதான்.

சீமெந்துத் தொட்டியை நாம் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. அது பலமானது, குளிர்ச்சியானது, ஆடு கவிழ்க்க முடியாது. ஆனால் நிலம் நம்முடையதாக இல்லாத இடத்தில் நிரந்தரமாக ஒன்றைக் கட்டுவது நிர்வாகத்தோடு பிரச்சினையை உண்டாக்கும். எழும்பிப் போகவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டும் போக முடியாது.

தானே நிரம்பும் கிண்ணங்கள்

இவை பெரும்பாலும் குளிர் நாட்டுப் பெரும் பண்ணைகளுக்காக உருவானவை. அங்கே குழாய்த் தண்ணீர் எந்நேரமும் நல்ல அழுத்தத்தில் வரும். அழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். தண்ணீர்த் தாங்கி நமக்கு 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஒரு பார். மலையில் 30 மீற்றர் மேலே தோட்டத்துத் தாங்கி இருந்தால் மூன்று பார் வரை கிடைக்கலாம். ஆனால் நாம் கொட்டில் கூரைக்குப் பக்கத்தில் இரண்டு மீற்றர் உயரத்தில் வைக்கும் பீப்பா 0.2 பார் மட்டுமே தரும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் வாங்கிய கிண்ணம் வேலை செய்யாமல் மூலையில் கிடக்கிறது.

மிதவை உள்ள கிண்ணம்தான் இவற்றில் நமக்கு அதிகம் பொருந்துவது. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வழியைத் திறக்கும். நிரம்பினால் ஏறி மூடும். கழிப்பறைத் தொட்டியில் பார்த்த அதே பொறிதான். வாங்கும்போது உள்ளேயிருக்கும் வால்வின் துளையைக் கேட்டுப் பாருங்கள். உயர் அழுத்த வால்வுக்குத் துளை சிறியது. அதைப் பீப்பாவில் மாட்டினால் தண்ணீர் நூல் போல வரும், இரண்டு ஆடு குடித்தபின் மூன்றாவதற்கு இருக்காது. குறைந்த அழுத்த வால்வுக்குத் துளை பெரியது. அதை மலைத் தாங்கிக் குழாயில் மாட்டினால் மிதவையால் தண்ணீரை அடக்க முடியாமல் வழிந்துகொண்டேயிருக்கும். மிதவைக்கு மேலே மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளாடு கடித்தே அதை உடைத்துவிடும்.

நாக்கை அழுத்தும் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி நிற்காது, அதனால் சுத்தம். ஆனால் நாக்கை அழுத்த ஆட்டின் மூஞ்சிக்குப் பலம் வேண்டும். மாட்டுக்குச் செய்ததை ஆட்டுக்கென்று விற்பவர்களும் உண்டு. கடையிலேயே உங்கள் சுண்டுவிரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரலுக்கு அசையாத நாக்கு குட்டிக்கு உதவாது.

குடிகாம்பு மிக மலிவு, இடம் பிடிக்காது, அழுக்கும் விழாது. இருந்தாலும் தண்ணீரில் இரும்போ மணலோ இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அடைத்திருப்பது வெளியே தெரியாது என்பதுதான் அதன் பெரிய குறை. தெளிந்த தண்ணீர் உள்ளவர்கள் வைத்தாலும், முதல் சில நாட்கள் காம்பு சொட்டுச் சொட்டாக ஒழுகும்படி விட்டு ஆட்டுக்குப் பழக்க வேண்டும். எல்லா ஆடும் பழகியதைக் கண்ணால் பார்க்கும்வரை வாளியை எடுக்கக் கூடாது.

ஒழுகல் வேறு ஒரு கதை. வெளிநாட்டுக் கொட்டிலில் ஒழுகினால் தண்ணீர்க் கட்டணம் கூடும், அவ்வளவுதான். நமது ஈரக் காற்றில் ஒழுகிய பலகை காயவே காயாது. பலகை உக்கும், குளம்பு மெதுவாகி அழுகல் பிடிக்கும், அந்த ஈரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சலைக் கொடுக்கும் கொக்சிடியா என்ற நுண்ணுயிர் முற்றிப் பெருகும். கிண்ணத்தைக் கொட்டிலின் வெளி விளிம்பில், வழிந்தாலும் கீழே கானுக்குப் போகும்படி மாட்டுங்கள். வாங்கும் அன்றே இரண்டு வொஷர் மேலதிகமாக வாங்கி வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இறக்குமதிச் சாமான்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கண்டோம். நகரத்து ஹாட்வெயார் கடையில் வொஷர் கிடைக்காத கிண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

தானே நிரம்பும் கிண்ணம் வைத்தவர்களும் தினமும் ஒரு தடவை கையை விட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு வாளி நிற்கட்டும்.

தோட்டத்தில் கிடைக்கும் கேன்கள்

றப்பர் தோட்டத்தில் பாலை உறைய வைக்கும் அசிட் வந்த கேன், தேயிலை மலைக்குக் களைகொல்லி வந்த கேன் ஆகியன இலவசமாகக் கிடைக்கும், பார்க்கவும் பலமாக இருக்கும். பாதியாக வெட்டினால் அருமையான தொட்டி போலத் தோன்றும். எத்தனை தடவை கழுவினாலும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், வெயிலில் காயவைத்தாலும் அவற்றை எடுக்காதீர்கள். களைகொல்லி பிளாஸ்ரிக்கில் ஊறிவிடும். ஆட்டுக்கு என்று வெட்டி வைத்ததில் பிள்ளைகள் தண்ணீர் அள்ளி விளையாடவும் கூடும். எண்ணெய், தேங்காய்ப்பால், சீனிப்பாகு போன்ற உணவுச் சாமான் வந்த பீப்பா மட்டுமே எடுக்கலாம். என்ன வந்தது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

நுளம்பும் எலியும்

ஆட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது. இரத்தினபுரி, கேகாலை இரண்டும் டெங்கு அதிகம் வரும் மாவட்டங்கள். எலிக்காய்ச்சலும் இங்கேதான் அதிகம். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதியப்பட்டார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் இரத்தினபுரியைப் பெருவெள்ளமும் தாக்கியது.

டெங்கு நுளம்பு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை அங்கேயே இருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை பொரித்து நுளம்பாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே கவிழ்த்து ஊற்றுவது போதாது. தும்பால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும், வாரத்தில் இரண்டு தடவை. பீப்பாவின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டிலேயே நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. பீ.எச்.ஐ. வந்து பார்க்கும்போது ஆட்டுத் தொட்டி என்று சொல்லித் தப்ப முடியாது. பழைய டயரைத் தண்ணீர்த் தொட்டியாகப் பாவிப்பதை இதனாலேயே நாம் ஏற்பதில்லை. அதன் உட்குழியை ஒருவராலும் தேய்க்க முடியாது. முன்னே சொன்னபடி வளையமாக அறுத்துப் பாவிக்கும்போதும் தண்ணீர் தேங்காதபடி அடியில் துளை போட வேண்டும்.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வரும். வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குவோருக்கு இது தெரிந்த நோய். தவிட்டு மணத்துக்கு எலி கொட்டிலுக்கு வரும். வந்த எலி தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பிலும் ஓடும். ஆட்டுக்கும் தொற்றலாம், கழுவும் நமக்கும் தொற்றலாம். தவிட்டை மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள். இரவு மிஞ்சிய தண்ணீரைக் காலையில் ஆட்டுக்கு விடாமல் ஊற்றுங்கள். கையில் காலில் புண் உள்ளவர் பாத்திரம் கழுவ வேண்டாம்; செருப்பில்லாமல் கொட்டிலடியில் நிற்கவும் வேண்டாம். காய்ச்சலும் தசை நோவும் வந்தால், ஆட்டுக்கொட்டிலில் வேலை செய்தேன் என்பதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கூரைத் தண்ணீர் போதுமா?

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பத்துச் சதுர மீற்றர் தகரக் கூரையுள்ள கொட்டிலில் இரத்தினபுரி மழை ஆண்டுக்கு 35,000 லீற்றர் விழும். பத்து ஆட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 5 லீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 18,250 லீற்றர்தான். வழிவது, தெறிப்பது போனாலும் போதும். ஆனால் சேமிக்கும் பாத்திரம் எவ்வளவு என்பதே கேள்வி. 200 லீற்றர் பீப்பா பத்து ஆட்டுக்கு நான்கு நாள். மழைக்காலத்தில் அது பீலிக்கு நடப்பதை மிச்சமாக்கும். தை, மாசியில் மழை பத்து நாள் விட்டால் மறுபடி நடக்கத்தான் வேண்டும். குடும்பங்கள் சில சேர்ந்து பெரிய தாங்கி வைக்க முடிந்தால் நல்லது. நான்கு பீப்பாக்களை அடியில் குழாயால் இணைப்பது அதைவிட இலகு. வெயில் விட்டுப் பெய்யும் முதல் மழையின் முதல் கால் மணித்தியாலத் தண்ணீரைப் பீப்பாவுக்குள் விட வேண்டாம். கூரையில் கிடக்கும் பறவை எச்சமும் சருகும் அதில்தான் வரும்.

எழும்பிப் போகவேண்டி வந்தால்

2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும், அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாட்டிலும் கேகாலையிலும் மறுபடி சரிவுகள் நடந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் மனிதர் முதலில் போக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆட்டுக்காகப் பின்தங்கி நிற்காதீர்கள். மஞ்சள் எச்சரிக்கை நிலையிலேயே ஆட்டைப் பாதுகாப்பான மேட்டுக்கு நடத்திக்கொண்டு போய்விடுவதுதான் அதற்கு வழி. அப்பொழுது வாளி கைகொடுக்கும். ஒரு வாளிக்குள் கயிறு, அரிவாள், சிறிது தவிடு, ஓர் உப்புக்கட்டி ஆகியவற்றைப் போட்டுத் தயாராக வைக்கலாம். போன இடத்தில் அதுவே தண்ணீர்ப் பாத்திரம்.

கொட்டிலில் விட்டுப் போக நேர்ந்தால் கதவின் கொக்கியைத் திறந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது ஆடு ஒன்று, இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கலாம். பாவம் என்று நிறைந்த வாளியை முன்னே வைத்தால் அது மூச்சு விடாமல் குடிக்கும். அப்படி ஒரேயடியாகக் குடித்த தண்ணீர் இரத்தத்தைக் கெடுத்து, சிவப்புச் சிறுநீரும் வலிப்பும் வரச் செய்யும். முதலில் அரை லீற்றர் கொடுங்கள். அரை மணித்தியாலம் விட்டு இன்னொரு அரை லீற்றர். இப்படி மூன்று நான்கு தடவை கொடுத்தபின் வாளியை வைக்கலாம். வெள்ளம் ஏறி இறங்கிய கிணறாக இருந்தால், அதை இறைத்துக் குளோரின் போட்டு முடியும்வரை ஆட்டுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். பீலித் தண்ணீரோ கூரைத் தண்ணீரோ கொடுங்கள்.